பையோடு உயர்ந்த கைகள்

புதிதாகக் கம்பெனி செக்ரட்டரி வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நான் எதைத் தொடங்கினாலும், "அதெல்லாம் பழைய சட்டம் மேடம்" என்று சிரிக்கிறீர்கள். உண்மைதான். இப்போது பங்குதாரர்கள் வீட்டில் சாய்ந்தபடி பொத்தானை அமுக்கி வாக்களித்துவிடுகிறார்கள். என் காலத்தில் மண்டபத்துக்கு நேரில் வந்து கை தூக்க வேண்டும். ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு கைதான், பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு கைதான். முறை மாறிவிட்டது. ஆனால் மேடையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குனிந்து, "இப்ப இன்னா பண்றது?" என்று கேட்கும் நேரம் உங்களுக்கும் வரும். அதனால் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கம்பெனி செக்ரட்டரி என்றால் தட்டச்சு செய்து, டீ வாங்கி வைப்பவள் என்றுதான் என் மாமியார் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பதும், இயக்குநர்கள் தடம் மாறும்போது சட்டையைப் பிடித்து இழுப்பதும்தான் வேலை என்று சொன்னால், "அப்ப சம்பளம் யாரு தர்றாங்க?" என்று கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குள்தான் நம் தொழிலின் சங்கடம் முழுவதும் இருக்கிறது.

நான் வேலை பார்த்தது புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மென்பொருள் கம்பெனி. இணையத்தில் வேண்டாத பக்கங்களை அடைத்து நிறுத்தும் மென்பொருளைத் தயாரித்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் வங்கிகளுக்கும் விற்றுப் பேர் வாங்கி, இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வெளிநாட்டு அரசுக்கே விற்றார்கள். அந்த நாட்டில் நம்மவர்கள் ஏராளமாகக் கட்டட வேலை பார்த்தார்கள். அவர்கள் தமிழில் எழுதுவதைப் படித்து, எதை அடைக்கலாம் என்று பிரித்துத் தர அந்த அரசுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்காக எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் தமிழ் படித்த பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். எல்லாரும் உள்ளூர்ப் பிள்ளைகள். தமிழ் படித்தவர்களுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைக்கிறதே என்று ஊரே மெச்சியது.

கம்பெனி பங்கு வெளியிட்டபோது ஊர்க்காரர்கள்தான் ஓடி வந்து வாங்கினார்கள். மில்லிலிருந்து விலகி வந்தவர்கள், வாத்தியார்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பங்கள். ஆண்டுதோறும் பங்குதாரர் கூட்டத்தன்று ஆளுக்கு ஒரு துணிப்பை கொடுப்போம். உள்ளே முட்டை பஃப்ஸ், மைசூர்பாகு, கொஞ்சம் மிக்சர். பையின் மேல் கம்பெனியின் சின்னமான லைட்ஹவுஸ் படம். தின்பண்டம் அன்றே தீர்ந்துவிடும். பை மட்டும் வருஷக் கணக்கில் உழைக்கும். முத்தியால்பேட்டையில் கீரை வாங்கப் போகிறவர் தோளில் எங்கள் லைட்ஹவுஸ் தொங்கும்.

செல்வி வீட்டு ஆணியிலும் அப்படி ஒரு பை தொங்கியது. செல்வி முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தவள். அவள் அப்பா மில்லில் இருந்தவர். அவர் இறந்தபின் அவருடைய பங்குகள் அவள் பேருக்கு வந்தன. அவள் புருஷன் முருகன் அந்த வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அங்கிருக்கும் தமிழ்த் தொழிலாளிகள் சேர்ந்து ஒரு இணையப் பக்கம் நடத்தினார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாருக்குச் சம்பளம் வரவில்லை, யார் நோயில் படுத்திருக்கிறார் என்று அதில் எழுதுவார்கள். முருகனின் போன் நின்றதிலிருந்து செல்வி பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அதில் ஒரு வரி வந்தது. "முத்தியால்பேட்டை முருகன் சாரத்திலிருந்து விழுந்து காலில் அடி. எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்து நாளை எழுதுகிறோம்." அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. செல்வி தினமும் போனாள். பக்கம் இங்கே திறந்தது. அதே வரி கடைசி வரியாக நின்றது.

அங்கிருந்து திரும்பி வந்த பாகூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் அவளைப் பார்க்க வந்தார். முருகன் இருந்த முகாமுக்கு அடுத்த முகாம்காரர். முருகன் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் ஏன் யாரும் எழுதுவதில்லை என்று செல்வி கேட்டிருக்கிறாள். "அங்க தொறந்தா வரலம்மா. தடைன்னு போட்டு ஒரு படம் வந்து நிக்குது" என்றவர் ஆணியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாராம். "இந்தப் படந்தான்! உங்க வூட்டுலயே மாட்டி வெச்சிருக்கீங்களே!"

அந்தப் பையோடுதான் செல்வி என் அறைக்கு வந்தாள்.

"மேடம், இத நீங்கதான் மூடுனீங்களா?"

நான் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி, இரண்டாம் மாடியில் விசாரித்தேன். ஆமாம், நாங்கள்தான். சம்பளம் கொடுக்காத கம்பெனிகளின் பேரைத் தொழிலாளிகள் அதில் எழுதியிருந்தார்கள். வேலைக்குப் போக வேண்டாம் என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். அந்த அரசு அடைக்கச் சொன்னது, அடைத்தோம். அவளிடம் உண்மையைச் சொன்னேன். பங்குதாரர் என்ற முறையில் கூட்டத்தில் கேள்வி கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்பதையும், நூறு பங்குதாரர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் ஒரு தீர்மானத்தையே கூட்டத்தின் முன் வைக்கலாம் என்பதையும் சொன்னேன். இது உளவு வேலை இல்லை, பிள்ளைகளே. பங்குதாரருக்குச் சட்டத்தில் இருப்பதைச் சொல்வதும் நம் வேலைதான்.

நூறு பேரை அவள் எங்கே பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் நேராக மதாம் செலினிடம் போனாள். மதாம் செலின் ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை, சொல்தா குடும்பம், செல்வியிடம்தான் ரவிக்கை தைப்பார். அவரும் பங்குதாரர். விஷயத்தைக் கேட்டதும், "அலோர், அப்பறம் இன்னா, கெளம்பு" என்றாராம். எங்கே கிளம்பினார்கள் தெரியுமா? பெரிய மார்க்கெட்டுக்கு. லைட்ஹவுஸ் பை வைத்திருப்பவரையெல்லாம் மீன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவில் நிறுத்தி, "நீங்க பங்குதாரரா, இல்ல உங்க வூட்டுல யாராவது பங்குதாரரா?" என்று கேட்டார்கள். பையைப் பார்த்து ஆளைப் பிடித்தார்கள்! பங்குதாரர்களை அடையாளம் காட்ட அதைவிட நல்ல வழியை எங்கள் அலுவலகமே ஊர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தது.

தீர்மானத்தில் மூன்று கோரிக்கைகள். எந்த அரசு கேட்டு எந்த மாதிரிப் பக்கங்களை அடைக்கிறோம் என்பதை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். அடைபட்டவர்கள் முறையிட ஒரு வழி வேண்டும். தொழிலாளிகளின் பக்கங்களை அடைக்கும் வேலையை எடுக்கவே கூடாது.

சேர்மனின் மாப்பிள்ளையும் ஒரு இயக்குநர். "குப்பையில போடுங்க மேடம்" என்றார். கையெழுத்துகளைச் சரிபார்த்தேன், எல்லாம் முறைப்படி இருந்தது. சேர்மன் என்னைப் பார்த்தார்.

"சட்டப்படி இருக்குதாம்மா?"

"இருக்குது சார்."

"அப்ப நோட்டீஸ்ல போடு. கூட்டத்துல பாத்துக்கலாம்."

சேர்மன் கெட்ட மனிதர் இல்லை. ஜெயித்தே பழகியவர். பாதிக்கு மேற்பட்ட பங்கு அவர் குடும்பத்தினர் கையில் இருந்தது. ஆனால் அண்ணன் தம்பிகள் சென்னையிலும் பாரிசிலும் இருந்தார்கள். கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். தங்களுக்குப் பதிலாக ஒருவரை ப்ராக்ஸியாக நியமித்துக் காகிதம் அனுப்புவார்கள். பழைய சட்டத்தில் ப்ராக்ஸிக்குக் கை தூக்க உரிமை இல்லை, வாக்குச்சீட்டு நடந்தால் மட்டும்தான் அவர் வாக்கு செல்லும்; அதில் பங்குக்கு ஒரு வாக்கு. "இந்த வருஷமாவது நேர்ல வரச் சொல்லுங்க சார்" என்று நான் சொன்னேன். "பஃப்ஸ் சாப்பிடவா பாரிஸ்ல இருந்து வருவான்?" என்று சிரித்தார். எந்த வருஷமும் எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை. யார் எதற்குக் கை தூக்குகிறார் என்று ஒருவரும் எண்ணிப் பார்த்ததும் இல்லை. கம்பெனிகளில் பெரிய தப்புகள் இப்படித்தான் நடக்கின்றன, வழக்கம் என்ற பேரில்.

மாப்பிள்ளை மட்டும் ஒரு தந்திரம் செய்தார். எப்போதும் கூட்டம் முடிந்த பிறகு கொடுக்கும் பையை அன்றைக்கு வாசலிலேயே கொடுக்கச் சொன்னார். பை கிடைத்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள் என்று கணக்கு. பை வாங்கியவர்கள் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மதாம் செலின் வாசற்படியில் நின்று, "போன்ழூர், போன்ழூர், உள்ள வாங்க, எடம் இருக்குது" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

செல்வியின் முறை வந்தது. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தாள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சார். அந்தப் பக்கத்துல கடைசியா எங்க வூட்டுக்காரரு பேருதான் இருக்குது. விசாரிச்சி நாளைக்கி எழுதறோம்னு போட்டிருக்காங்க. மூடறதுக்கு முன்னாடி நம்ம ஆபீஸ்ல யாரோ அதப் படிச்சிருக்காங்க இல்ல? தமிழ் தெரிஞ்சவங்கதான படிச்சாங்க? ஒரு நாள் பொறுத்துருக்கக் கூடாதா சார்? அந்த நாளைக்கி இன்னும் எனக்கு வரல."

சேர்மன் தண்ணீர் குடித்தார். பிறகு வேறு வழியில்லாமல், ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கைகள் எழுந்தன. பலர் மணிக்கட்டில் பை மாட்டியிருந்ததால் பையும் சேர்ந்து எழுந்தது. வரிசை வரிசையாக எங்கள் லைட்ஹவுஸ்கள். பின் சுவரோரம் நின்ற ஒரு பெண்ணின் கையும் எழுந்தது. இரண்டாம் மாடியில் தமிழ்ப் பக்கங்களைப் படித்துப் பிரிக்கிறவள். ஊழியர் பங்கு வைத்திருந்தாள். எதிர்ப்பவர்கள் என்றபோது மேடையிலிருந்த சேர்மன் வீட்டு இயக்குநர்கள் நாலைந்து பேரும் முன்வரிசையில் இரண்டு மேலாளர்களும் தூக்கினார்கள். அவ்வளவுதான். ப்ராக்ஸிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்த நேரம் வந்தது. மாப்பிள்ளை சேர்மனின் காதருகே குனிந்தார்.

"தோத்துடுச்சின்னு சொல்லிடுங்க மாமா. சேர்மன் சொல்றதுதான் முடிவு. சட்டத்துலயே அப்படித்தான இருக்குது?"

அது உண்மை என்பதுதான் கொடுமை. கை தூக்கி எடுத்த வாக்கில் சேர்மன் அறிவிப்பதே முடிவு என்று அந்தக் காலத்துச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. எதிரே அத்தனை கைகளைப் பார்த்த பிறகும் அவர் வாயால் "தோற்றது" என்று சொல்லிவிட்டால், அதை உடைக்க செல்வி நீதிமன்றப் படிகளில் காலம் முழுக்க ஏறி இறங்க வேண்டும். சேர்மன் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப இன்னாம்மா பண்றது?"

நான் மைக்கைக் கையால் பொத்தினேன். ரெட்டியார்பாளையத்தில் பாதி கட்டி நிற்கும் என் வீடு கண்முன் வந்து போனது. பயம்தான், வேறென்ன.

"ரெண்டு வழி இருக்குது சார். கண்ணால பாத்தத அப்படியே அறிவிக்கலாம், தீர்மானம் நெறவேறிடும். இல்ல, நீங்களே வாக்குச்சீட்டுக்கு உத்தரவு போடலாம். அதுல ப்ராக்ஸி ஓட்டும் சேரும். நீங்க ஜெயிச்சிடுவீங்க."

"மாப்ள சொல்றது?"

"அத நான் வழியில சேக்கல சார். கூட்டத்துல நடந்தத மினிட்ஸ் புக்குல எழுதறது நான். பாத்ததத்தான் எழுதுவேன். அதுக்குக் கீழ நீங்க கையெழுத்து போடணும்."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அந்தத் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. வாக்குச்சீட்டு என்ற வழியைச் சொல்லாமல் விழுங்கியிருந்தால் அவர் குழம்பி, தீர்மானம் நிறைவேறியதாகவே அறிவித்திருக்கக்கூடும். ஆனால் அவர் ஜெயிக்கச் சட்டத்தில் வழி இருக்கும்போது அதை மறைப்பதும் மாப்பிள்ளையின் பொய்க்கு ஒன்றுவிட்ட தங்கைதான். சேர்மனுக்குச் சட்டம் கொடுத்தது முழுவதையும் சொன்னேன், கொடுக்காததைத் தரவில்லை. அன்றைக்கு ஒன்றை மறைத்திருந்தால், மற்றொன்றை மறுக்க எனக்கு வாய் இருந்திருக்காது.

சேர்மன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு வாக்குச்சீட்டு என்று அறிவித்தார். மண்டபத்தில் கூச்சல். மதாம் செலின் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நான்தான் காலை வாரிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். வலித்தது. எழுந்து போய் விளக்கம் சொல்ல முடியாத நாற்காலி அது.

சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தபோது பின் சுவரோரம் நின்ற பெண் செல்வியிடம் போனதைப் பார்த்தேன். சீட்டுகளை வாங்க நான் வாக்குப் பெட்டியருகே வந்திருந்ததால் காதில் விழுந்தது.

"அக்கா, அத படிச்சது நான்தான். மூடலாம்னு குறிச்சி அனுப்புனதும் நான்தான். அந்த வரி எனக்கு ஞாபகம் இருக்குதுக்கா."

செல்வி அடிப்பாளோ என்று பயந்தேன். அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாபகம் இருக்குது இல்ல? அது போதும், உக்காரு" என்றாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். சேர்மனும் அதைப் பார்த்தார். மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்; பார்க்காத மாதிரி இருப்பதுதான் பழக்கம்.

முடிவு வந்தது. குடும்பத்து ப்ராக்ஸிகளால் தீர்மானம் தோற்றது. சேர்மன் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, மைக்கை அணைக்காமலேயே என்னிடம் கேட்டார்.

"எங்க குடும்பத்த எடுத்துட்டா எவ்ளோ பேரு நம்ம பக்கம்?"

"அந்த ரெண்டு மேனேஜருங்கதான் சார்."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார், முகம் சுருங்கிய சிரிப்பு. பிறகு எழுந்து நின்று சொன்னார். "தீர்மானம் தோத்துடுச்சி. அது சட்டம். ஆனா இத ஜெயிச்சேன்னு சொல்லிக்கினு நாளைக்கி நான் பெரிய மார்க்கெட்டு பக்கம் போவ முடியாது. கேட்டதுல முடிஞ்சத நாங்களே செய்யறோம். அந்தம்மா வூட்டுக்காரரு சங்கதி மொதல்ல."

எல்லாம் நடந்துவிடவில்லை. அந்த அரசோடு ஒப்பந்தம் தொடர்ந்தது. மூன்றாவது கோரிக்கையை இயக்குநர் குழு தொடவே இல்லை. வேறு பக்கங்கள் எத்தனையோ அடைபட்டேதான் இருந்தன. ஆனால் அடுத்த ஆண்டறிக்கையில், எந்த அரசு கேட்டு எவ்வகைப் பக்கங்களை அடைக்கிறோம் என்று ஒரு பத்தி வந்தது. சின்னப் பத்திதான், அதை எழுத நான் மாப்பிள்ளையோடு மல்லுக்கட்டினேன். முறையிட ஒரு முகவரி வந்தது. அந்தத் தொழிலாளிகளின் பக்கத்தை அடைப்பிலிருந்து எடுக்க அந்த அரசிடம் பேசிச் சம்மதம் வாங்கினார் சேர்மன். அவர் மனசு வைத்தால் பேச்சில் யாரையும் மடக்கிவிடுவார். பின் சுவரோரம் நின்ற பெண்ணின் வேலைக்கும் ஒரு குறையும் வரவில்லை.

பக்கம் திறந்து சில நாள் கழித்துச் செல்வி என் அறைக்கு ஓடி வந்தாள். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த காகிதத்தை மேசையில் வைத்தாள். "நான் முருகன் எழுதறேன். கால்ல கம்பி வெச்சிருக்கு. போன் ஒடஞ்சி நம்பர்லாம் போச்சி. செல்விக்குத் தெரிஞ்சவங்க சொல்லுங்க." அவன் போட்ட கடிதங்கள் அவர்கள் காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டுக்குப் போயிருந்தன. நான் அலுவலகத்தில் அழுதது அந்த ஒரு முறைதான். நல்லவேளை, மாப்பிள்ளை வெளியூரில் இருந்தார்.

அதற்கும் அடுத்த வருஷக் கூட்டத்துக்குச் செல்வியால் வர முடியவில்லை. பிள்ளை பெற்று நாலு நாள் ஆகியிருந்தது. அதற்குள் ஊர் திரும்பிவிட்ட முருகனைத் தனக்குப் பதிலாக ப்ராக்ஸியாக அனுப்பியிருந்தாள். காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்து வந்தான். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான். ஆண்டறிக்கைக்கு ஒப்புதல் கேட்டு, ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் சேர்மன். நாலாவது வரிசையில் முருகனின் கை எழுந்தது, பையோடு.

சேர்மன் என் பக்கம் குனிந்தார். "ஏம்மா, அவரு ப்ராக்ஸிதான?"

"ஆமா சார். கை தூக்கக் கூடாது."

"சொல்லலையா?"

அந்தக் கையை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இறக்கச் சொல்லவும் இல்லை.